ஓசையில்லாத ‘பி’

கணவர் இறந்த பதினாறாம் நாள் பள்ளிக்குத் திரும்பினேன். தொண்ணூற்றாறாம் வருடம். காக்ஸ் டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்பியவர் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தார், எழவில்லை. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அடக்கத்தன்றும் அழுகை வரவில்லை.

அன்று டிக்டேஷன். ‘நம்’ (numb) என்றொரு ஆங்கிலச் சொல். மரத்துப்போன நிலை என்று பொருள். கரும்பலகையில் சரியான எழுத்துகளை எழுதினேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“மிஸ், கடைசில பி எதுக்கு? நாம சொல்றதே இல்லையே.”

பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன், உக்காரு.”

மதியம் நூலகத்தில் தடித்த அகராதியைப் பிரித்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘நிமன்’ என்றால் எடுப்பது. ‘நுமென்’, எடுக்கப்பட்டது. அதிலிருந்துதான் இந்தச் சொல். ஜெர்மன்காரர்கள் அதன் உறவான ‘நேமன்’ என்பதை இன்றும் சொல்கிறார்களாம். கிரேக்கத்தில் ‘நெமெய்ன்’, பங்கிட்டுக் கொடுப்பது. அதுவும் ஒரே வேராக இருக்கலாம் என்றிருந்தது. பி பிறகு வந்தது. கட்டைவிரலுக்கும் (thumb) கைகாலுக்குமான (limb) ஆங்கிலச் சொற்களின் கடைசியில் இருப்பதைப் பார்த்து இதற்கும் ஒட்டிவிட்டார்கள். தமிழில் மனுஷி மரமாகிப் போகிறாள், ஆங்கிலத்தில் அவளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று தோன்றியது. அகராதியை மூடி வைத்தேன்.

மறுநாள் வகுப்பில் சொன்னேன். அதே பெண் கேட்டாள்: “எடுத்தவங்க திருப்பித் தருவாங்களா, மிஸ்?”

வகுப்பு சிரித்தது. “அது டிக்‌ஷனரில இல்லம்மா” என்றேன்.

சட்டென்று அவள் முகம் மாறியது. “ஸாரி மிஸ்.” சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பாடத்தைத் திறக்கச் சொன்னேன்.

அழுகை இரண்டு மாதம் கழித்து வந்தது, காலை ஏழு மணிக்கு. காஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை அவர்தான் மாட்டுவார். ரெகுலேட்டரை எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். “இதுக்குப் போயா? தள்ளும்மா” என்று மாட்டிக் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று இரண்டாவது பீரியடுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.