எலிகளுக்குச் சுருங்கிய கட்டி

அத்தானுக்கு இரைப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் திரேஸ்புரத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான், படித்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி அவளிடம் பேசினேன். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவள். எதையும் பிழையில்லாமல் சொல்வேன் என்று எனக்கொரு பெயர் உண்டு.

அன்றும் பிழையாக எதுவும் சொல்லவில்லை. புற்றுநோய்ச் செல்லுக்குள் ஒரு மரபணுவை அனுப்புகிறார்கள். பிறகு தீங்கில்லாத ஒரு மருந்தைக் கொடுக்கிறார்கள். மரபணு போய்ச் சேர்ந்த செல் அந்த மருந்தைத் தனக்குள்ளேயே நஞ்சாக்கிக்கொண்டு செத்துப்போகிறது. தற்கொலை மரபணு சிகிச்சை என்று பெயர். நோயாளி இருக்கும் வீட்டில் அந்தப் பெயர் வேண்டாம் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். இவ்வளவும் எலிகளில் நடந்தது என்று தொடக்கத்தில் ஒரு முறை சொன்னேன். அப்புறம் கட்டி சுருங்கியதையே பேசிக்கொண்டிருந்தேன். சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது. எலி என்று இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த முகம் மாறிவிடும் என்று தெரிந்தே விட்டேன்.

ஞாயிறு பூசை தொடங்குமுன், யார் யார் எதற்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்துகளைக் கோயில் உபதேசியார் வாசித்தார். வயிற்றைக் கிழிக்காமல் குணமாக்கும் புது மருந்து கிடைத்ததற்காக மாதாவுக்கு நன்றிப் பூசை என்று அத்தான் பெயரைச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. பூசை முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தம்பிக்கும் இதே வியாதிதான், மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். எலிகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அவள் உடனே கையை விடவில்லை.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் வேண்டாம் என்று மதுரைக்குப் போன் செய்து ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். இருவரையும் உட்காரவைத்து, அந்த மருந்து மனிதருக்கு இப்போதைக்குக் கிடைக்காது என்று சொன்னேன். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் மட்டும் கேட்டார்:

"கட்டி சுருங்கின எலியெல்லாம் இப்ப எங்கன இருக்கு?"

அளந்து பார்ப்பதற்காக அவற்றைக் கொன்று, வயிற்றை அறுத்துக் கட்டியை எடுப்பார்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப சொகமான எலிக்கும் கத்திதான். நான் மட்டும் தப்பிக்கவா? மதுரைக்கே போவோம்ளா."

மதுரைக்குப் பேசினேன். அவருடைய தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது எப்போது என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்களாம்.

"அவிய தரும்போது தரட்டும். ஏளா, தங்கச்சிக்குச் சோறு வையி" என்று அத்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு ஊற்றும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தானுக்குக் கஞ்சி மட்டுமே இறங்கும். அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் தட்டிலிருந்த எல்லாவற்றையும் தின்று முடித்தேன்.