ஆவ்ரோவும் நூற்றுப்பத்தாவது லெவலும்

கணினியில் விமானம் ஓட்டுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். அங்கே ஒரு பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். யாராவது இந்த விமானத்தைச் செய்து தர மாட்டார்களா என்று ஏங்குகிறவர்களுக்கான பக்கம் அது. எங்கள் சிமுலேட்டரில் ஒவ்வொரு விமானத்தையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து உருவாக்க வேண்டும். சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் நிஜ எஞ்சின் மாதிரியே கத்த வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் ஏக்கத்துக்கு அங்கே குறைவே கிடையாது.

ஒருவர் மருத் போர்விமானம் கேட்பார். இன்னொருவருக்கு ஃப்ளையிங் கிளப்புகளில் இருந்த புஷ்பக் வேண்டும். துணி போர்த்திய அந்தச் சின்ன விமானத்தை எதிர்க்காற்றில் லாரி முந்திவிடும் என்று பெருமையாகவே எழுதுவார். கேரவெல் கேட்கிறவர் அதன் முக்கோண ஜன்னல்களை நினைத்து அவ்வப்போது உருகுவார். இளவட்டங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: ஏற்கெனவே பலர் செய்து முடித்த அதே ஜெட், இன்னும் கொஞ்சம் பளபளப்பாக. அதில் கழிப்பறைக் கதவு திறக்க வேண்டுமாம். சீட் பெல்ட் போட்டு விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தக் கதவு எதற்கு என்று கேட்டேன்.

நான் கேட்டது ஆவ்ரோ. இரண்டு எஞ்சின், இரண்டு காற்றாடி, நாற்பது சொச்சம் பயணிகள். கான்பூரில் கட்டிய விமானம். பெங்களூர் பழைய விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதற்கு எடைக்கணக்கு போட்டவன். பயணிகள் எங்கே, பெட்டிகள் எங்கே, மூக்கு கனக்கிறதா வால் கனக்கிறதா என்று பார்த்து, தாளைக் கேப்டனிடம் நீட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட வேண்டும். அதன் பிறகு கதவு மூடும். எஞ்சின் கிளம்பும். ஆவ்ரோவின் எஞ்சின் சத்தம் கேட்டவர்களுக்கு மறக்காது. ஆயிரம் பிரஷர் குக்கர் ஒரே நேரத்தில் விசில் வைத்த மாதிரி இருக்கும். நான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் நிற்பேன்.

கையேட்டை வரி விடாமல் படித்திருந்தேன். எந்த வால்வை எப்போது திறக்க வேண்டும், வெயில் நாளில் எஞ்சினுக்குத் தண்ணீரும் மெத்தனாலும் எப்போது ஊற்ற வேண்டும், எல்லாம் தெரியும். அது பறக்கும்போது அதன் காக்பிட்டில் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. எத்தனையோ முறை கனம் பார்த்து அனுப்பி வைத்த விமானத்தை ஒருமுறை நான் ஓட்ட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அதனால்தான் கோயம்புத்தூரிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பகலில் ஏதோ கம்பெனியில் வேலை, மாலையில் சிமுலேட்டருக்கு விமானம் செய்கிற பெண் எழுதியிருந்தார். ஆவ்ரோவைப் பாதி செய்து வைத்திருக்கிறாராம். நான் பக்கம் பக்கமாக எழுதியதையெல்லாம் படித்தாராம். சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியுமாவா! எங்கள் ஊர் கே.ஜி.எஃப்., தங்கச் சுரங்க ஊர். அன்று ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போய், தச்சர்கள் பலகையை இறுக்கும் சி-கிளாம்ப் இரண்டு வாங்கி வந்து, சிமுலேட்டரின் கைப்பிடிச் சக்கரத்தைச் சாப்பாட்டு மேசையில் முடுக்கினேன். என் மனைவி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாங்க, இனிமே சாப்பாடு எங்க வைக்கறது?"

"ரன்வேக்கு இடது பக்கம் வை."

"குழம்பு கொட்டிச்சின்னா என்னைக் கேக்காதீங்க. எமர்ஜென்சி லாண்டிங்னு நீங்களே தொடச்சிக்கோங்க."

அடுத்த சில வாரங்கள் நான் சந்தோஷத்தில் மிதந்தேன். எஞ்சின் கிளம்பும்போது ஊசிகள் எழும் வரிசை தப்பு என்று எழுதுவேன், மறுநாள் சரியாகியிருக்கும். ஒரு விளக்கு இரண்டு அங்குலம் தள்ளி இருக்கிறது என்பேன். "ஏனுங் சார், இதையெல்லாம் யாருங் பாக்கப் போறாங்க?" என்று போனில் சிரிப்பார். "நான் பாப்பேம்மா" என்பேன். மாற்றிவிடுவார்.

பிறகு ஒருநாள் அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"சார், ஒண்ணு சொல்லோணுங். எனக்கு இந்த வருசம் ஒரு விமானம் முடிக்கத்தான் நேரம் இருக்குதுங். எல்லாரும் அந்த ஜெட்டத்தான் கேக்கறாங்க. ஆவ்ரோவ ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால ஓட்டிக் காட்டுங்க. பெங்களூர்ல இருந்து சென்னைக்கு, ரெண்டு பேர் உக்காந்து, முறைப்படி. அதப் பாத்துட்டு முடிவு பண்றனுங். நல்லா வரலீன்னா இத மூட்டை கட்டிருவேன்."

முறைப்படி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஆவ்ரோவுக்கு இரண்டு விமானிகள் வேண்டும். பேட்டையில் எனக்கு ஒரு சிமுலேட்டர் நண்பர் உண்டு. அவரைத் துணை விமானியாக்கி, ஒரு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிறு மதியம் போன் செய்தார். மச்சினன் மகளுக்குக் கோலாரில் திடீரென்று நிச்சயதார்த்தமாம். நிச்சயதார்த்தம் எப்படித் திடீரென்று வரும் என்று கேட்டேன். "நீங்க நம்ம குடும்பத்தைப் பாத்ததில்ல சார்" என்றார்.

இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போன புடவையை மாற்றாமல் என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன்.

"அந்தப் பார்வையே சரியில்ல" என்றாள்.

"சும்மா பிடிச்சிக்கினு இருந்தா போதும். மேலே ஏத்தறது, இறக்கறது எல்லாம் நான். நடுவுல மட்டும் நீ. நேரா ஓட்டணும், அவ்ளோதான்."

"ஏரோப்ளேன் கவுந்தா?"

"கவுறாது."

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சொல்வதற்கென்ன, நன்றாகவே கற்றுக்கொண்டாள். சக்கரத்தை முன்னால் தள்ளினால் மூக்கு கீழே, தன் பக்கம் இழுத்தால் மேலே. நான் "யூ ஹேவ் கண்ட்ரோல்" என்றால் அவள் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லித்தான் பிடிக்க வேண்டும். வகுப்பில் அட்டெண்டன்ஸுக்குப் பதில் சொல்லும் பிள்ளை மாதிரி சொன்னாள்.

குழுவில் எங்களைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் திரை அவர்களுக்குத் தெரியும், எங்கள் பேச்சும் கேட்கும். கட்டுப்பாட்டு அறை ஆளாகச் சென்னையில் ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவரும் எங்களைப் போல ஒரு பொழுதுபோக்குப் பைத்தியம்தான், ஆனால் குரல் நிஜ விமான நிலையத்துக் குரல்.

எஞ்சின்கள் கிளம்பின. அந்த விசில்! மேசை மேல் வைத்த ஸ்பீக்கர்களிலிருந்து அது எழுந்தபோது என் முன்கை மயிர் சிலிர்த்து நின்றது. பழக்க தோஷத்தில் காதைப் பொத்தப் போன கையை இழுத்து நெம்புகோலில் வைத்தேன். ஓடினோம், எழும்பினோம். நான் ஆவ்ரோவில் இருந்தேன். தரையில் நிற்கவில்லை, உள்ளே இருந்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்து, "இன்னா, அழுவறீங்களா?" என்றாள். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

மேலே வேறு விமானம் இருப்பதால் லெவல் எழுபதில் நிற்கச் சொன்னார் சென்னைக்காரர். லெவல் எழுபது என்றால் ஏழாயிரம் அடி. அங்கே நிலைப்படுத்தி, சக்கரத்தை மனைவியிடம் கொடுத்தேன். முறைப்படி சொன்னாள், பிடித்தாள். விமானம் கோடு போட்ட மாதிரி போனது. நான் ரேடியோவையும், வெளியே உள்ள வெப்பத்துக்கு ஏற்ப எரிபொருளைத் திருத்தும் குட்டி நெம்புகோல்களையும் கவனித்தேன். எதிரே பேத்தமங்களா ஏரி தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் நம் ஊர் சயனைட் மேடுகள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண், வெளுத்த முதுகோடு.

"நம்ம ஊருங்க!" என்றாள் மனைவி. "சுரங்கத்து ஷாஃப்ட்டு எங்க கீது?"

அப்போது ரேடியோ பேசியது. லெவல் நூற்றுப்பத்துக்கு ஏறலாம் என்று ஆங்கிலத்தில் அனுமதி. நான் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். பிறகு கண்ணை எரிபொருள் முள்ளில் வைத்துக்கொண்டே மனைவியிடம் சொன்னேன்:

"லெவல் நூத்திப்பத்து."

அவள் சக்கரத்தை முன்னால் தள்ளினாள்.

மூக்கு கவிழ்ந்தது. வானம் போய் மேடுகள் திரையை நிறைத்தன. என் வயிறு அந்த இறக்கத்தை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு எழுபதிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போவது என்றால் இதுதானே. சுரங்கத்து ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றிய கேஜ் இறங்குகிறது, அவ்வளவுதான். எஞ்சின் சத்தம் விசிலிலிருந்து ஊளையாக மாறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

"மேலே! மேலே போ!"

"மேலே போனா நம்பர் கொறையும்ங்க!"

"கூடும்!"

"யாருக்கு? எங்கப்பா சுரங்கத்துல எண்பதாவது லெவல்ல வேலை செஞ்சாரு. பத்துல இருந்து எண்பதுக்குப் போறதுக்கு எந்தக் காலத்துல மேலே ஏறினாரு? கணக்கு எனக்குச் சொல்றீங்களா?"

ரேடியோவில் சென்னைக்காரர் பதறினார். "சார், நீங்க ஏறிட்டுதானே இருக்கீங்க? கன்ஃபர்ம் க்ளைம்பிங்?"

என் மனைவி மைக் பக்கம் குனிந்தாள். "தம்பி, நூத்திப்பத்தாவது லெவல்னா சும்மா இல்ல. சூடு தாங்காது. நீ பாத்துகீறியா?"

வேகமுள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றேன். அவள் விடவில்லை. "இருங்க, இன்னும் நூத்திப்பத்து வரல" என்றாள். வராதும்மா, எத்தனை ஜென்மம் போனாலும் இந்தப் பக்கம் வராது. கெஞ்சி வாங்கினேன். எஞ்சின் சக்தியைக் குறைத்து, இறக்கையை மட்டமாக்கி, மெதுவாக இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் இறக்கை கழன்றுவிடும் என்று கையேட்டில் வேறு வார்த்தைகளில் இருக்கிறது. விமானம் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. பேத்தமங்களா ஏரியில் மீன் தெரியும் உயரத்தில் இருந்தோம்.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பல வாரம் ஊசி ஊசியாகத் திருத்திய விமானத்தை, ஒரே ஒரு சொல்லைச் சேர்க்க மறந்து நானே கவிழ்த்துவிட்டேன். ஏறு என்ற சொல். ரேடியோவில் சொன்னேன், பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இப்ப எந்தப் பக்கம்ங்க?"

"மேலே" என்றேன். "மேலே ஏறு. லெவல் நூத்திப்பத்து. மேலே. யூ ஹேவ் கண்ட்ரோல்."

"ஐ ஹேவ் கண்ட்ரோல். மேலே" என்றாள். இழுத்தாள். ஆவ்ரோ ஏறியது. அதன் பிறகு சென்னை வரை ஒரு பிசகும் இல்லை. நான் இறக்கியபோது விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தியதும் போன் அடித்தது. கோயம்புத்தூர். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"சார், அந்தச் சத்தம் கேட்டீங்களா? கீழ பாயறப்போ?" அவர் கிட்டத்தட்ட கத்தினார். "அந்த வேகத்துக்கு நானே கொண்டு போனதில்லீங். நிஜமா அப்படித்தான் கத்துமா?"

"அப்படித்தாம்மா கத்தும்" என்றேன். கையேட்டில் அது இல்லை. ஆனால் அதன் சத்தத்தைத் தரையில் நின்று கேட்டவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஜெட்டுன்னா நூத்திப்பத்துன்னு ஒரு குமிழத் திருகினாப் போதும், அதுவே போயிருமுங். உங்க வீட்டுச் சண்டை அதுல வராதுங் சார். எல்லாரும் கேட்டுட்டே இருக்கறாங்க, ஆவ்ரோ எப்ப வரும்னு. அந்தக் கழிப்பறைக் கதவுப் பையன்கூடக் கேக்கறானுங். நான் இதையே முடிக்கிறேன்."

நான் போனை வைத்தேன். என் மனைவி, "இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப நான் தள்ளினது நல்லதா போச்சி" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள். உலகத்தில் எந்தத் துணை விமானியும் இவ்வளவு சீக்கிரம் விசாரணையை முடித்ததில்லை.

போன வாரம் புதிய பதிப்பு வந்தது. துணை விமானியின் பக்கம், சக்கரத்துக்கு நேர் மேலே, நிஜ ஆவ்ரோவில் இல்லாத ஒரு சின்னத் தகடு. வெள்ளை எழுத்தில், தமிழில்: "லெவல் கூடினால் மேலே." கையேட்டில் இல்லாத ஒன்றை விமானத்தில் ஒட்டுவது எனக்கு ஒத்துவராத காரியம். ஆனாலும் எடுக்கச் சொல்லவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி படித்தாள்.

"பாதிதான் சரி" என்றாள். "கீழ இன்னொரு வரி சேக்கச் சொல்லுங்க. கே.ஜி.எஃப். தவிர."

எழுதி அனுப்பிவிட்டேன்.