படிக்கட்டில் மாமா வாங்கிய ஏச்சு

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது என் தாய்மாமாதான் எங்கள் வார்டு கவுன்சிலர். இராமேஸ்வரம் தீவில், மேட்டுச் சாலையிலிருந்து எங்கள் மீனவர் தெருவுக்கு இறங்க ஒரே வழி அந்தச் சிமென்ட் படிக்கட்டு. பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் மேலே. உப்புக்காற்றில் கைப்பிடி துருப்பிடித்து விழுந்துவிட்டது. படிகளின் ஓரம் பெயர்ந்து உள்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. மீன்கூடையோடு ஏறிய பெரியம்மா ஒருநாள் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவரை நாற்காலியில் வைத்து அதே படி வழியாகத்தான் தூக்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகும் படி அப்படியே கிடந்தது. மாமா நகராட்சிக்கு நடையாய் நடந்தார். நிதி இல்லை என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் டீ குடிப்பார்.

ஒருநாள் காலை, சாலைக்குத் தார் போடுவதைப் பார்க்க நகராட்சி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மாமா வெள்ளைச் சட்டையில் கூடவே நின்றார். அம்மா தெருப் பெண்களோடு படியேறிப் போய் ஜீப்பை மறித்தாள். அதிகாரியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே தம்பியிடம் போனாள்.

“ஏலே, ஓட்டுக் கேக்க மட்டும் இந்தப் படியில எறங்கத் தெரிஞ்சுச்சா ஒனக்கு? நம்ம அக்கா இடுப்பு ஒடிஞ்சு கெடக்கா. இன்னும் எத்தன பேரு விழணும்?”

“பணம் ஒதுக்குனாத்தானக்கா” என்று மாமா முனகினார்.

“அப்பச் சட்டையக் கழட்டி வச்சிட்டு வலைக்குப் போ. அதுக்கு முன்ன இந்தச் சாரைக் கூட்டிக்கிட்டு இங்கன எறங்கு, பாப்போம்.”

யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அதிகாரி இறங்கினார். பாதியில் கால் வழுக்கி மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏறி வந்ததும் எஸ்டிமேட் போடச் சொல்வதாகச் சொன்னார். மழைக்காலத்துக்குள் புதுப் படியும் கைப்பிடியும் வந்துவிட்டன.

எனக்கு அன்று அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. மாமா என்றால் எனக்கு உயிர். ஊர் பார்க்க அவரை ஏசிய அம்மாவோடு பேசாமல், மத்தியானம் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தேன்.

சாயங்காலம் மாமா வந்தார். சண்டை வரப்போகிறது என்று பயந்து எழுந்தேன். அம்மா எங்கள் இருவருக்கும் நண்டுக் குழம்பு ஊற்றினாள்.

“எல்லாம் நல்லாத்தான் பேசுனக்கா. வலைக்குப் போன்னது மட்டும் நாம பேசி வச்சதுல இல்லையே” என்றார் மாமா.

“அது தானா வந்துருச்சுடா.”

“சரி, தெருவெளக்குக்கு என்னைக்கி வையப்போற?”

அம்மா சிரித்தாள். மறுபடி ஏச்சு வாங்க ஒரு மனுஷன் ஏன் நாள் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம் மாமா என்று, என் தட்டிலிருந்த பெரிய நண்டுக் காலை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.