ஹலீமாவின்ர சோதினையும் நான் கேட்ட மன்றாட்டும்

செபக்குழுச் சகோதரங்களே, இதை எழும்பி நிண்டு சொல்ல எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைச்சு வைக்கேலாது.

போன வருசம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, ஹலீமாவின்ர தாய் கென்யா அகதி முகாமில கண்ணை மூடிட்டா. ஹலீமா சோமாலியாப் பிள்ளை. ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில நானும் அவளும் ஒண்டாக் கிளீனிங் வேலை. என்னை அன்ரி எண்டுதான் கூப்பிடுவாள்.

பத்து வயசில சண்டைக்குள்ளால ஓடின பிள்ளை. முகாமில பொம்பிளைப் பிள்ளையளை விறகு பொறுக்கத்தான் அனுப்புறதாம். தாய், "விறகுக்கு நான் போறன், நீ பள்ளிக்கூடம் போ" எண்டிட்டா. சுமந்து சுமந்து இடுப்பு முறிஞ்ச மனுசி. தாய்க்கு விசா சரிவரேல்லை, மகள் மட்டும் கனடா வந்தாள். முப்பது வயசில திரும்ப ஒன்பதாம் வகுப்பில இருந்து தொடங்கினாள். பகல் படிப்பு, பின்னேரம் வேலை. ஆறு வருசம். அந்தத் திங்கட்கிழமை நேர்ஸிங் படிப்புக்கு நுழைவுச் சோதினை.

செத்தவீடெண்டு நான் சோறு கறி சமைச்சுக்கொண்டு ஓடினன். மரக்கறிதான், அவைக்கு ஹலால் எல்லே. அவள் சுவரைப் பாத்தபடி இருந்தாள். தாயின்ர முகத்தைக் கடைசியாப் பாக்கவும் குடுத்து வைக்கேல்லை. 

பெரிய கெட்டிக்காரி நான் என்ன செய்தன் தெரியுமே? மேசையில கிடந்த சோதினைக் கடதாசியில இருந்த நம்பருக்கு அடிச்சு, சொந்தக்காரி எண்டு பொய்யும் சொல்லி, "தாய் செத்திட்டா, பிள்ளை வராது" எண்டிட்டன். எங்கட ஆக்கள் செத்தவீட்டு முப்பத்தொராம் நாள் முடியாமல் ஒண்டுக்கும் வெளிக்கிடாயினம். என்ர மனுசன் செத்தாப் பிறகு நானே இங்கிலிஷ் வகுப்பை விட்டனான். எல்லாரும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்.

ஞாயிறு பூசை முடிஞ்சு போறன், அவள் இருந்து பென்சில் சீவிறாள்!

"அன்ரி, எங்களுக்குத் துக்கம் மூண்டு நாள்தான். நாளைக்கு நான் போகாட்டி, அம்மா விறகு சுமந்தது ஆருக்கு?"

 செய்ததைச் சொன்னன். அவள் ஏசேல்லை. ஏசியிருந்தா நல்லம். "ஏன் அன்ரி?" எண்டு மட்டும் கேட்டாள்.

திங்கள் விடிய ரெண்டு பேரும் பஸ்ஸில போனம். அவளின்ர இடத்தை வெயிற்றிங் லிஸ்ற்றில இருந்த ஆருக்கோ குடுத்திட்டினமாம். ஒன்பது மணிக்குக் கதவு பூட்டுவினம், அதுக்கு முதல் பதிஞ்ச ஆக்களில ஒராள் வராட்டி இவளை விடலாம் எண்டு வாசலில பேர் பாக்கிற பிள்ளை சொன்னாள். வெளியில வாங்கில இருந்தம். அவள் தன்ர துவாவைச் சொன்னாள், நான் செபமாலையை உருட்டினன். முதல்ல "வழி காட்டும் ஆண்டவரே" எண்டுதான் கேட்டன். ஆக்கள் ஒவ்வொருத்தரா உள்ளுக்குப் போகப் போக நான் மணிக்கூட்டையும் கதவையும் மாறி மாறிப் பாத்தன். கடைசியில வாய்விட்டே கேட்டன். "மாதாவே, ஆரெண்டாலும் ஒராள் வராமல் போகட்டும்."

ஒன்பதுக்கு அந்தப் பிள்ளை வந்து கை காட்டினாள். ஒராள் வரேல்லை! ஹலீமா உள்ளுக்குப் போக, கதவு பூட்டுப்பட்டுது. நான் முழந்தாள் போட்டு அழுதன்.

பத்து நிமிசம் கழிச்சு ஒரு பெட்டை ஓடி வந்தாள். சப்பாத்து முழுக்கச் சினோப் பனி. அஜக்ஸில இருந்து வாறாளாம், 401 பெருந்தெருவில அக்சிடென்ராம், அசையேலாமல் நிண்டதாம். கதவைத் தட்டிப் பாத்தாள். திறக்கேல்லை. எனக்குப் பக்கத்தில வந்து இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் செபமாலையைப் பைக்குள்ள ஒளிச்சன்.

ஹலீமா பாஸ். இப்ப முதலாம் வருசம் முடிக்கப் போறாள். நானும் திரும்ப வகுப்புக்குப் போறன். ஆருக்கும் என்ர பாட்டில முடிவெடுக்கிற பழக்கத்தை விட்டிட்டன். ஆண்டவர் கேக்கிறார், சகோதரங்களே. நம்பிக் கேளுங்கோ. வேற சமயத்துப் பிள்ளை எண்டு பாராமல் அவளுக்கு இரங்கினவர், உங்களையும் விடமாட்டார்.

ஆனா அண்டைக்கு நான் கேட்ட மாதிரிக் கேக்காதேங்கோ. அந்த அஜக்ஸ் பிள்ளையின்ர பேரைக்கூட நான் விசாரிக்கேல்லை. இப்ப எல்லாரும் எழும்பி, அவளுக்காக என்னோட ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ.