இருமலுக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?

கோவை மருத்துவமனையின் நடைகூடத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தை இல்லை என்று போன இடத்தில் இருமலைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதிலிருந்தே சளி. மூக்கு எப்போதும் அடைத்திருக்கும். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நானும் நம்பினேன். திருமணத்துக்குப் பின் சில வருடங்கள் மனைவி சுமதிக்கு மட்டுமே சோதனைகள் நடந்தன. அவளிடம் குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் என் விந்தைப் பரிசோதித்தார்கள்.

“அணுக்கள் உயிரோட இருக்குதுங்க. ஆனா ஒண்ணுகூட நகரல,” என்றார் மருத்துவர். நான் மறுபடி இருமியதும் நிமிர்ந்து பார்த்தார். “இந்த இருமல் எத்தனை நாளாங்க?”

“பொறந்ததுல இருந்தேங்க.”

நெஞ்சு மருத்துவரிடம் அனுப்பினார். மூக்கின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள்: பிறவிக் குற்றிழைக் குறைபாடு (குற்றிழைகள் என்பவை மூச்சுக்குழாய்க்குள் துடுப்புப்போல அசைந்து சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள்). விந்தணுவின் வாலும் ஏறக்குறைய அதே அமைப்புதான். இழைகள் அசையாததால் நெஞ்சில் சளி தேங்கியது. வால் அசையாததால் அணு முட்டையிடம் போய்ச் சேரவில்லை.

பஸ் மலையேறும்போது சுமதியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காலம் குளிர்மேல் பழி போட்டிருந்தேன். என் உடம்பு எனக்கே அந்நியமாகத் தெரிந்தது.

“ஏனுங்க, இது நீங்க பண்ணுன தப்புங்களா? மொதல்ல நெஞ்சப் பாப்போமுங்க,” என்றாள் சுமதி.

நெஞ்சு மருத்துவர் சொன்னபடி காலைதோறும் கருவியில் உப்புநீர் ஆவி இழுத்துவிட்டுத் தலையணைமேல் கவிழ்ந்து படுப்பேன். அவள் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவாள். சளி கழன்று வரும். இந்த நோய் முழுதாகக் குணமாகாது. ஆனால் ஃபேக்டரி மேட்டை இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

பிறகு நுண்ணூசிக் கருவூட்டல் (உயிருள்ள ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது). முதல் முறை கரு தங்கவில்லை. சுமதி மருத்துவச் சீட்டுகளையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுபடி முயல்வோமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவளே கேட்டாள். அந்த முறை தங்கியது.

குழந்தைக்காக மருத்துவரிடம் போகும் ஆண்கள், விடாத இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மகள் இப்போது தவழ்கிறாள். பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் பிள்ளைக்கு நோயாகும், பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். ஆனாலும் நேற்று மத்தியானம் தொட்டிலில் குழந்தை ஒரு முறை இருமியது. பிசைந்த சோற்றோடு என் கை நின்றது. சுமதி அடுப்பை அணைத்தாள். இன்னொரு இருமல் வரவில்லை. அந்தச் சின்ன மூச்சு சீராகப் போய் வருவதைக் கேட்டபடியே இருவரும் இருந்தோம், சோறு ஆறும் வரை.