மகன் பெயரில் ஓர் உலகப் போர்

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று பார்த்தால் கேட் சத்தம். பக்கத்து வீட்டு ஏழுமலை சார். கையில் போன். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், இதுல எழுதினதையெல்லாம் எப்பிடி அழிக்கிறது?"

ஏழுமலை சார் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பரம சாது. காலையில் உப்பளத்து ஓரமாக நாங்கள் சில பேர் வாக்கிங் போவோம், அவரும் வருவார். மூட்டு வலி, குழாயில் தண்ணீர் வராதது, லாரிக்காரர்கள் ரோடு முழுக்க உப்பைச் சிந்திவிட்டுப் போவது... இதுதான் பேச்சு. யாராவது அரசியலை இழுத்தால் நடையை வேகப்படுத்திவிடுவார்.

போனை வாங்கிப் பார்த்தேன். வந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிற உங்களுக்குக்கூட இதுவரை சொல்லாதது. இணையத்தில் ஒரு தமிழ் ஃபோரம் இருக்கிறது. உலக அரசியல் பேசுகிற இடம். டொரன்டோக்காரர், துபாய்க்காரர், திண்டிவனத்துக்காரர் — அங்கே எல்லோருமே வெளியுறவு அமைச்சர்கள். எங்கேயோ ஓர் எல்லையில் குண்டு விழுந்தால் போதும், எங்கள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஒருவர் போர்நிறுத்தம் அறிவித்துவிடுவார். இன்னொருவர் அதை ரத்து செய்வார்.

நானும் அங்கே இருக்கிறேன். சொந்தப் பெயரில் இல்லை, 'உப்புக்காற்று' என்ற பெயரில். ஏன் என்கிறீர்களா? பத்திரிகையில் பத்தி எழுதுகிற அம்மாவா இப்படிக் குழாயடிச் சண்டை போடுகிறார் என்று நீங்கள் நினைக்கக் கூடாதல்லவா... அதனால்தான்.

அங்கே எனக்கு ஓர் எதிரி உண்டு. பெயர் பிரகாஷ் பி. படத்தில் ஆள் கிடையாது, ஒரு பைக் நிற்கும். எந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும், அந்த நாட்டு ஜனங்கள் மொத்தப் பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார். அரபுக்காரன் என்றால் சோம்பேறி, நம் ஆள் வேர்வையில் வாழ்கிறவன். பாகிஸ்தான்காரனை நம்பவே கூடாது. சீனாக்காரன் திருட்டு காப்பி. யாரும் தப்பியதில்லை. பிறகு அங்கிருந்து மெதுவாக நம் ஊர்ப் பக்கம் வருவார். நம் தெரு பாய் கடைக்கு வருவார். பாண்டிச்சேரியை ஒட்டி, முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற கோட்டக்குப்பத்துக்கு வருவார்.

நான் விடுவேனா? பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவேன். அவர் "டேய் உப்பு" என்று ஆரம்பிப்பார். யாரோ வேலைவெட்டி இல்லாத இளவட்டம் என்று நினைத்து, "தம்பி, முதலில் மீசை முளைக்கட்டும்" என்றுகூட ஒரு முறை எழுதியிருக்கிறேன்.

அந்தப் பிரகாஷ் பி.யின் கணக்குதான் ஏழுமலை சார் போனில் திறந்திருந்தது. அதே பைக்.

"சார்... இதெல்லாம் யார் எழுதினது?"

"நான்தான் மேடம். சும்மா... டைம் பாஸுக்கு."

மகன் பிரகாஷ் புது போன் வாங்கியபோது பழசை அப்பாவிடம் கொடுத்திருக்கிறான். காலேஜ் நாளில் அவன் தொடங்கிய ஃபோரம் கணக்கு அதில் அப்படியே இருந்திருக்கிறது. அவன் மறந்தே போனான். அப்பா பிடித்துக்கொண்டார். நம் பக்கத்தில் பாதி அப்பாக்கள் பிள்ளையின் பழைய சட்டையைத்தானே போட்டுக்கொண்டு திரிகிறார்கள்? கணக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

"பேரை மாத்தணும்னு தோணலையா சார்?"

"எம் பையன் பேருதானே மேடம்? ஊரான் பேரா?"



விஷயம் இதுதான். பிரகாஷ் பாண்டிச்சேரியில் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் இருக்கிறான். கல்யாணமாகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது, சம்பளம் போதவில்லை. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தது. மெடிக்கல்கூட ஆகிவிட்டது. கடைசியில் கம்பெனிக்காரர்கள் அவனுடைய ஈமெயிலை வைத்து இணையத்தில் தேடியிருக்கிறார்கள். ஃபோரம் வந்து நின்றிருக்கிறது, வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தமிழ் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு பட்டனை அழுத்தினால் போன் மொழிபெயர்த்துக் கொடுக்கிறதே! சோம்பேறி என்பதற்கு எல்லா மொழியிலும் வார்த்தை இருக்கிறது.

உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தோம். எனக்குத் தெரிந்து ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடிந்தது. ஒவ்வொன்றாக அழிப்பதென்றால் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். நான் படிக்கப் படிக்க அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதையா எழுதினேன்? அன்னிக்கு என்னவோ கோவத்துல இருந்தேன் மேடம்..."

எழுதியதைப் பார்த்தால் தினமும் கோபத்தில்தான் இருந்திருக்கிறார். காலையில் எங்களோடு நடந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பல் விளக்கின கையோடு ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்வார் போல.

அவர் எழுதியவை ஒவ்வொன்றாய்ப் போன பிறகு என் பதில்கள் மட்டும் பக்கத்தில் நின்றன. எதிரே ஆளே இல்லாமல் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

"இந்த உப்புக்காத்துன்னு ஒருத்தன் மேடம்," என்றார் சார், திரையைக் காட்டி. "அவன்தான் கெளப்பி வுடுறது. அவன் இல்லைன்னா நான் இவ்ளோ எழுதியே இருக்க மாட்டேன்."

நான் காபி போட எழுந்து போய்விட்டேன்.

அழித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. கம்பெனி முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தது. கோட்டக்குப்பத்தில் ஏஜென்சி வைத்திருக்கும் ஜமால் பாய்தான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர். அவர் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: எழுதியவர் நேரில் வரட்டும், கம்பெனிக்காரரிடம் வீடியோ காலில் பையன் எழுதவில்லை, நான்தான் எழுதினேன் என்று தன் வாயால் சொல்லட்டும். தனியாகப் போகப் பயந்து சார் என்னையும் கூப்பிட்டார்.

பாண்டிச்சேரி பஸ்ஸில் இடம் கிடைத்தது. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"சார், அந்த உப்புக்காத்து நான்தான்."

என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அய்யய்யோ... உங்களையா மேடம் டேய்னு போட்டேன்?"

கோட்டக்குப்பம் வரும்வரை அதே வருத்தம்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஆம்பளைன்னு நெனச்சிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு நாடு பாக்கியில்லாமல் திட்டியதற்கு வராத வெட்கம், ஒரு டேய்க்கு வந்தது. எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா? இரண்டும் இல்லை. அலுப்பாக இருந்தது. முகம் தெரிந்தால்தான் நமக்கெல்லாம் வெட்கமே வரும் போலிருக்கிறது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்திருந்தால் மீசையைப் பற்றிப் பேசியிருப்பேனா?

ஜமால் பாயின் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில். பிரகாஷ் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். அப்பா உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஜமால் பாய் டீ சொன்னார். பிறகு, "அழிச்சா போயிடுமா சார்? கம்பெனி அனுப்பினது எல்லாம் எங்கிட்ட இருக்குது. எங்க ஊரைப் பத்தி எழுதினதும் அதுல இருக்குது. படிச்சேன்" என்றார்.

"உங்களைச் சொல்லலை பாய்," என்று பதறினார் சார். "பொதுவா..."

"பொதுவா சொன்னா அதுல நான் எங்க சார் போவேன்? நானும் அந்தப் பொதுவுலதானே இருக்கேன்?"

குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கம்ப்யூட்டர் கேபிளைச் சரிசெய்துகொண்டே சொன்னார், "வுடுங்க, அது எங்களுக்குப் பழகிப்போச்சு. கம்பெனிக்காரனுக்குப் பழகலை, அதான் பிரச்சினை. இந்தப் பையன் வேலை போச்சுன்னா அடுத்த தடவை என்னோட ஆளுங்களை எடுக்க மாட்டான். வாங்க, ஸ்க்ரீன் முன்னாடி உக்காருங்க."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இத்தனை நாளாக யாருக்காகப் பக்கம் பக்கமாக வாதாடினேனோ, அவர்களில் ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து 'பழகிப்போச்சு' என்கிறார். என் வாதம் எதுவும் அவர் வீட்டு வாசல்வரை வந்து சேரவே இல்லை.

திரையில் ஒருவர் தெரிந்தார். நடுத்தர வயது, தூக்கம் போதாத கண்கள். ஜமால் பாய் அவரோடு இந்தியில் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "மேனேஜர். பாகிஸ்தான்காரரு. நீங்க தமிழ்லயே சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார்.

ஏழுமலை சார் என்னைப் பார்த்தார். இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க... பாகிஸ்தான்காரரா? கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சார், அந்தப் பேருதான் எம் பையன் பேரு. எழுதினது அவன் இல்லை. நான். வேலைவெட்டி இல்லாம உக்காந்து எழுதினேன். உங்களப் பத்தியும் எழுதினேன். தப்புதான். அவனுக்குக் கைக்குழந்தை இருக்குது சார். என் வாய்க்கு அவன் வேலையில கைய வெச்சிடாதீங்க."

பிரகாஷ் அப்போதுதான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான்.

ஜமால் பாய் மொழிபெயர்த்தார். அந்த மேனேஜர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏதோ சொன்னார். ஜமால் பாய் சட்டென்று சிரித்துவிட்டார்.

"என்னா பாய் சொல்றாரு?"

"அவங்க அப்பாவும் இப்பிடித்தான் எழுதுறாராம் சார். நம்ம இந்தியா ஆளுங்களைப் பத்தி. எவ்ளோ சொன்னாலும் நிறுத்த மாட்டேன்றாராம்."

ஏழுமலை சார் சிரிக்கவில்லை.

"அவரும் ரிடையர்டா பாய்?" என்று கேட்டார்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் வேலை கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. மேனேஜர் நல்ல மனிதர், மேலே சொல்லிப் பார்க்கிறேன் என்றார், சொல்லியும் பார்த்திருக்கிறார். மேலே இருந்தவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து ஜமால் பாய் போனில் சுருக்கமாக முடித்துக்கொண்டார்: "இது முடிஞ்சிது சார். வேற பாக்கலாம்."

அன்று சாயங்காலம் பிரகாஷ் அப்பா வீட்டுக்கு வந்தான். நான் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சண்டை வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அப்பாவின் போனை வாங்கிப் பழைய கணக்கை மூடினான். அங்கேயே அவரை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தான். புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உம் பேரு, ஊரு, போட்டோ எல்லாம் போட்டிருக்கேன்பா. இனிமே என்னா எழுதணுமோ இதுல எழுது. எம் பேரை வுட்டுடு."

திட்டியிருந்தால்கூட ஏழுமலை சார் தாங்கியிருப்பார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, பையனின் பைக் தெரு முனை திரும்புகிற வரை நின்றுகொண்டே இருந்தார்.

நானும் ஃபோரத்தில் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். வீரமெல்லாம் இல்லை, இதை எழுதிய பிறகு மறைத்து என்ன ஆகப் போகிறது? சொந்தப் பெயரில் எழுத உட்கார்ந்தால் பாதி வாக்கியம் எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

சாருடைய பக்கம் வெறுமையாகவே கிடந்தது. ஃபோரத்தில் புதிதாக ஒரு போர், புதிதாக ஒரு தடை, பழைய கூச்சல். அவர் வாய் திறக்கவில்லை. வாக்கிங்கிலும் பேச்சு குறைந்துவிட்டது. பிரகாஷ் வாரக் கடைசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறான், போகிறான். ஜமால் பாய் இன்னும் வேறு இடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நேற்று காலை முதல் முறையாக ஏதோ போட்டிருந்தார். 'ஏழுமலை, மரக்காணம்.' சிரிக்காத முகம். 'காலை வணக்கம்' என்று எழுதி, கீழே ஒரு சிவப்புப் பூ.

அதற்கும் ஒருவர் வந்துவிட்டார். "இது நம் நாட்டுப் பூ மாதிரித் தெரியவில்லையே? எந்த நாட்டுப் பூவை இங்கே கொண்டுவந்து பரப்புகிறீர்கள்?"

போச்சு, மறுபடி ஆரம்பம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஏழுமலை சாரின் பதில் வந்தது.

"தெரியலீங்க."

இத்தனை வருடமாக அந்த ஃபோரத்தில் இருக்கிறேன்... அந்த ஒரு வார்த்தையை இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை!