தலைவலிக்கு ஒரு ஜெபம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, பசை தடவும் பிரிவில் ஓர் அம்மா வேலை செய்தார். ஒல்லியான உருவம், விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. மதியம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சோறு ஆறிப்போகும்வரை ஜெபிப்பார்.

நானும் கிறிஸ்தவன்தான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, 'அவிசுவாசத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்' என்று சொல்லிக்கொடுப்பவன். ஆனால் கேன்டீனில் நாலு பேர் பார்ப்பார்களே என்று, நெற்றியைத் தேய்ப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு மூன்று நொடியில் ஜெபத்தை முடித்துவிடுவேன்.

ஒருநாள் அந்த அம்மா கேட்டார். "இன்னா சார், தெனமும் சாப்பாட்டு நேரத்துல நெத்தியத் தேய்க்கிறீங்க? தலவலி ஜாஸ்தியா?"

"ஆமாம்மா" என்றேன்.

மறுநாளிலிருந்து என் தலைவலிக்காகவும் அவர் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் வெட்கம் தாங்கவில்லை. எல்லோர் எதிரிலும் கைகூப்பி, கண்ணை மூடி ஜெபித்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கண் திறந்தபோது அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "சொஸ்தமாயிடுச்சு பாருங்க சார்."

என் வியாதி என்னவென்று அவருக்கு முதலிலேயே தெரியுமா, இல்லை தலைவலி என்றே நம்பினாரா? கேட்டுவிட எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.